உரியேலின் வலது கண்

உயிரோடு இருக்கிற ஆளைக் கறுப்புப் பென்சிலில் வரைந்து தரச் சொல்லி என்னிடம் யாரும் கேட்டதில்லை, மீன் விற்கிற எமெலினா அக்கா வந்து நின்ற அந்தத் திங்கட்கிழமை வரைக்கும். எங்கள் லோரிகா ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பட்டம் வாங்கினவன், பதினைந்து வயது விழா கொண்டாடுகிற பெண், கல்யாண ஜோடி எல்லாம் கலர். செத்தவர்கள் கறுப்பு. கறுப்புப் படத்தின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு சிலுவை, பக்கத்தில் தேதி. யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. நான் தொழிலுக்கு வரும்போதே அப்படித்தான் இருந்தது. அதை மாற்றவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

என் இடம் ஆற்றைப் பார்த்த சந்தை வளைவுகளுக்குக் கீழே, தொப்பிக் கடைக்கும் அர்ஹெமிரோவின் காபி வண்டிக்கும் நடுவில். ஒரு மேசை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. போட்டோவைக் கொண்டுவந்து வைப்பார்கள். "அச்சு அசலா இருக்கணும் செனெலியா" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "அந்த மருவை எடுத்துடு, தொப்பையைக் கொஞ்சம் உள்ள தள்ளு, அப்பாவுக்கு ஒரு கோட்டு போட்டு விடு" என்பார்கள். வாழ்நாள் பூராவும் வலை வீசின மனுஷனுக்குக் கோட்டு! அசல் வேணுமா, கோட்டு வேணுமா என்று கத்துவேன். கத்திவிட்டுக் கோட்டையும் போட்டுக் கொடுப்பேன். பிழைப்பு நடக்கவேண்டாமா?

எமெலினா அக்காவுக்கு மீன் வரிசையில் முதல் கடை. பொக்காச்சிக்கோ மீனில் முள் தலைமுடி மாதிரி இருக்கும். கத்தியால் நெருக்கி நெருக்கிக் கீறினால்தான் அதை வறுத்துத் தின்ன முடியும். அந்தக் கீறலில் அவளை அடிக்க ஆள் கிடையாது. வயசு அறுபதைத் தாண்டியும் கண்ணாடி இல்லாமல் முள்ளைப் பார்த்து எடுப்பாள். வாயும் அந்தக் கத்தி மாதிரிதான். அவள் இந்தக் கோடியில் விலை சொன்னால் படகுத்துறையில் இருக்கிறவன் பேரம் பேசுவான்.

அன்றைக்குக் கையைக்கூடத் துடைக்காமல் வந்து போனை என் மேசைமேல் வைத்தாள்.

"இவனை வரை. செத்துப்போன என் புருஷன் லிபார்தோ படம் எவ்வளவு பெருசோ அவ்வளவு பெருசு. கறுப்புல. சிலுவையும் போட்டுடு."

போனில் அவள் மகன் உரியேல்.

"ஐயோ அக்கா! என்னக்கா ஆச்சு? எப்போ?"

"கத்தாதடி. ஒண்ணும் ஆகல. சிலியில குத்துக்கல்லாட்டம் இருக்கான். எனக்குத்தான் செத்துட்டான்."

அர்ஹெமிரோ காபி ஊற்றிக்கொண்டிருந்த குவளை நிரம்பி வழிந்தது. அவன் கவனிக்கவில்லை.

கதை எங்கள் சந்தைக்கே தெரிந்ததுதான். உரியேல் சிலி நாட்டு அந்தொஃபகஸ்தா துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். போகும்போது, இங்கே அம்மாவின் தோழி மகளைக் கட்டுவதாகப் பேச்சு. மோதிரம்கூடப் பார்த்துவிட்டார்கள். போன இடத்தில் சூல்மா என்று பொலிவியாக்காரப் பெண் ஒருத்தியோடு சேர்ந்துவிட்டான். ஒளிக்காமல் போன் பண்ணிச் சொன்னான், அந்த மட்டுக்கும் நல்ல பிள்ளை. எமெலினா அக்கா மீன் வெட்டுகிற பலகை முன்னால் நின்றுகொண்டு, சந்தை மொத்தமும் கேட்க, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள்: "அவ உன்கூட இருக்கிற வரைக்கும் எனக்குப் புள்ள இல்ல." அவன் "சரிம்மா" என்று வைத்துவிட்டான். அவ்வளவுதான். அப்புறம் ஒரு பேச்சு கிடையாது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்த வீட்டில் இரண்டும் கல்லு.

நாலைந்து மாசத்துக்கு முன்னால், அன்னையர் தினத்தன்று அவனிடமிருந்து ஒரு போட்டோ மட்டும் வந்திருக்கிறது. நல்ல வெயிலில் நின்று கேமராவை நேருக்கு நேர் பார்க்கிற முகம். கீழே ஒரு எழுத்து இல்லை.

"வாழ்த்துன்னு ஒரு வார்த்தை எழுத விரல் வலிச்சிருச்சாம் துரைக்கு" என்றாள். "மூஞ்சியை அனுப்பியிருக்கான், மூஞ்சியை. சரி, மாட்டி வெக்கறேன். சனிக்கிழமை லிபார்தோவோட நினைவுப் பூசை. செரெத்தேயிலேர்ந்து, மோன்டெரியாவிலேர்ந்து எல்லா சனமும் வருது. அப்பன் பக்கத்துலயே ஆணி அடிச்சு மாட்டப்போறேன். எல்லாரும் பாக்கட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "உசுரோட இருக்கிறவனுக்குச் சிலுவை போட என் கை வராது. பெத்த வயிறா இது? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"உன்கிட்ட படம் கேட்டேனா, பாவமன்னிப்பு கேட்டேனா? முடியாதுன்னா சொல்லிடு. மோன்டெரியாவுல ஒருத்தன் இருக்கான். ஒரே நாள்ல போட்டுத் தருவான்."

அவள் போகக்கூடியவள்தான். யோசித்தேன். அந்தப் படம் சுவரில் ஏறிய மறு நிமிஷம் அத்தை மகனோ மாமன் மகனோ அதைப் போனில் பிடித்து அந்தொஃபகஸ்தாவுக்கு அனுப்பிவிடுவான். தன்னையே செத்தவனாக, சிலுவையோடு, அப்பன் பக்கத்தில் பார்த்த பிறகு அந்தப் பையன் இந்த ஊர் மண்ணை மிதிப்பானா? கோபத்தில் சொன்ன வார்த்தையை ஆறு கொண்டுபோய்விடும். ஆணி அடித்து மாட்டினதை யார் கொண்டுபோவார்கள்? வேலை என் கையில் இருந்தால் இழுத்தடிக்கவாவது செய்யலாம் என்று தோன்றியது.

"சரி, வெச்சுட்டுப் போ. சிலுவையைப் பத்திக் கடைசியில பேசலாம்" என்றேன்.

இழுத்தடித்தேன். மறுநாள் வந்து கேட்டாள். காகிதம் ஈரம் உறிஞ்சியிருக்கிறது, காயட்டும் என்றேன். அதற்கு அடுத்த நாள் பென்சில் தீர்ந்துபோச்சு என்றேன்.

"பென்சில் கடையில பென்சில் இல்லையாம், ஆத்துல தண்ணி இல்லையாம்" என்று அர்ஹெமிரோவைப் பார்த்துச் சொன்னாள். "இவ சோறு ஆக்கினா அரிசி தீர்ந்துபோச்சும்பா போல."

"நீ கொஞ்சம் ஆற அமர யோசியேன் அக்கா" என்றான் அர்ஹெமிரோ. "காபி குடி. இன்னிக்கு என் கணக்கு."

"உன் காபியைக் குடிச்சா செத்தவங்க வரிசையில என் படமும் ஏறும்."

வியாழக்கிழமை மீன் வியாபாரத்தைச் சித்தி மகளிடம் விட்டுவிட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "முடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கப் போறதில்ல. உனக்கு எத்தனை பென்சில் வேணும், சொல்லு, நான் போய் வாங்கியாறேன்." முழங்கையை மேசைமேல் ஊன்றி, தாடையைக் கையில் தாங்கி, என் விரலையே பார்த்தாள். தப்பிக்க வழியில்லை. ஆரம்பித்தேன்.

என் வேலை முறை கொஞ்சம் கோணல்தான், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். போட்டோவைப் பெரிதாக்கி அச்செடுப்பேன். கண் இரண்டையும் தனித்தனியாக இன்னும் பெரிய தாளில் எடுப்பேன். மேலே கட்டம் போடுவேன். வரைகிற தாளிலும் கட்டம், நகம் பட்டாலே அழிகிற மாதிரி மெல்லிசாக. அப்புறம் போட்டோவையும் தாளையும் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு வரைவேன். நேராக வைத்தால் மூக்கைப் பார்த்ததும் மனசு "ஓ, மூக்கு" என்று தனக்குத் தெரிந்த மூக்கை வரைந்துவிடும். தலைகீழாக வைத்தால் மூக்கும் இல்லை, வாயும் இல்லை. இருட்டு, வெளிச்சம், நடுத்தரம், அவ்வளவுதான். எது எங்கே இருக்கிறதோ அதை அங்கே வைக்கவேண்டியது. என்ன வரைகிறோம் என்று எனக்குத் தெரியாமல் இருப்பதுதான் என் கெட்டிக்காரத்தனம். இந்த முறையில் நான் வரைந்தால் ஆள் பேசாத குறைதான் என்பார்கள். என் வாயால் சொல்லக் கூடாது, ஊர் சொல்கிறது.

மத்தியானத்துக்குள் முடி, நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் வந்துவிட்டது. வியர்வை படாமல் இருக்க உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எமெலினா அக்கா நிறுத்தாமல் குறை சொன்னாள். தலைகீழாக வரைவதால் எனக்குத்தான் அது கால் மேலே தலை கீழே. எதிரில் இருக்கிற அவளுக்கு நேராகத் தெரிந்தது.

"காது அவ்வளவு பெருசா? அப்பன் காது. மொத்தக் குடும்பமும் காதாலயே நடக்குதுங்க. ஒழுங்கா சவரம் பண்ணியிருக்கானா பாரு. ஆக்கிப் போட ஒருத்தி இருக்காளாம், ஆளு இளைச்சுக் கிடக்கான்."

"இளைச்சா உனக்கென்ன? செத்தவன்தானே?" என்றேன், நிமிராமல்.

"வேலையைப் பாருடி."

கண்ணைக் கடைசியில்தான் தொடுவேன். வலது கண்ணின் பெரிய தாளை எடுத்து, தலைகீழாகவே, படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எமெலினா வீட்டுக் கண் எல்லாருக்கும் தெரியும். அட்டக் கறுப்பு, எதிரில் நிற்பதன் நிழல் அதில் அப்படியே விழும். அவள் கேட்ட அளவுக்குப் படம் பெரிசு என்பதால் கண் ஒவ்வொன்றும் என் ஆள்காட்டி விரல் நீளம் வந்தது. கருவட்டத்தை நல்ல கறுப்புப் பென்சிலால் நிரப்பினேன். உள்ளே வெளிச்சம் விழுந்த இடத்தை வெள்ளையாக விட்டேன். அந்த வெள்ளைக்கு நடுவில் ஒரு கோணல் மாணலான கறுப்பு இருந்தது. ஒரு பக்கம் நீளமாக, ஒரு பக்கம் புடைப்பாக, புடைப்பை ஒட்டி ஒரு உருண்டை. ஜன்னல் கம்பியாக இருக்கலாம், மரமாக இருக்கலாம். எனக்கு அதெல்லாம் தேவையில்லை. கட்டத்துக்குக் கட்டம் பார்த்து, பென்சிலைக் கூராக்கி, கட்டை விரல் நகம் அளவு இடத்துக்குள் அந்தக் கோணலை அப்படியே இறக்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, எதிர் நாற்காலியிலிருந்து சத்தமே வரவில்லை. எமெலினா அக்கா வாயை மூடினால் சந்தையில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். நிமிர்ந்தேன். அவள் மேசைமேல் கவிழ்ந்து, மூக்கு காகிதத்தில் படுகிற அளவுக்குக் குனிந்திருந்தாள். மீன் முள் தேடும்போது அப்படித்தான் குனிவாள்.

"யாருடி அது?" என்றாள்.

"எது?"

"கண்ணுக்குள்ள நிக்கிறாளே, அவ."

எனக்குப் புரியவில்லை. "யாரும் நிக்கல அக்கா. வெளிச்சம். போட்டோவில இருந்ததை வரைஞ்சேன்."

"திருப்பிப் பாருடி குருட்டு முண்டம்!"

தாளைத் திருப்பினேன். நான் வரைந்த கண்ணை அப்போதுதான் கண்ணாகப் பார்த்தேன். கருவட்டத்துக்குள் வானம் வெள்ளையாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். ஒரு கையை நீட்டிப் போனைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை மார்போடு மடங்கியிருந்தது. அந்தக் கைக்குள், தோளில் சாய்ந்து, ஒரு உருண்டைத் தலை.

என் கையிலிருந்த பென்சில் உருண்டு கீழே போனது. அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

"பிசாசா?" என்று அர்ஹெமிரோ காபிக் குடுவையோடு வந்து எட்டிப் பார்த்தான். "எங்க? ஓ, இதுவா? யாரோ போட்டோ எடுக்கறா. தோள்ல என்ன? பூசணிக்காயா?"

"பூசணிக்காயைத் தோள்ல போட்டு எவளாவது முதுகுல தட்டுவாளா? கையைப் பாரு. விரல் விரிஞ்சிருக்கு. ஏப்பம் விட வெக்கறா."

"எனக்கு விரல் ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு எப்போ என்ன தெரிஞ்சிருக்கு?"

போனை எடுத்து, அந்தப் போட்டோவை இரண்டு விரலால் விரித்து விரித்து வலது கண் வரைக்கும் போனோம். இருந்தாள். இடது கண்ணுக்குப் போனோம். அங்கேயும் இருந்தாள், அதே கை, அதே உருண்டை. நான் கூட்டியும் வரையவில்லை, குறைத்தும் வரையவில்லை. இத்தனை நாள் அந்தப் போட்டோ எமெலினா அக்காவின் போனுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. மூஞ்சியை மட்டும் அனுப்பினான் என்று திட்டிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணுக்கு முன்னால் இருந்ததெல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது, அவனுக்கே தெரியாமல்.

எமெலினா அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "கழுத்து இன்னும் நிக்கல. தலை சாஞ்சு கிடக்கு பாரு. போட்டோ எடுக்கும்போது மூணு மாசம்கூட ஆகியிருக்காது."

நான் அவள் கையைப் பிடித்தேன். மீன் வாசனையோடு சில்லென்று இருந்தது. அடுத்த நொடி உதறிவிட்டாள்.

"என்கிட்ட சொல்லல! பாத்தியா? பேரப்புள்ள பொறந்ததைப் பெத்தவகிட்ட சொல்லல அந்த நாயி!"

"சொல்ல விட்டியா நீ?" எனக்கும் பொறுக்கவில்லை. "அவளோட இருந்தா நீ புள்ளையே இல்லன்னு சொன்னே. புள்ளையே இல்லாத எடத்துல பேரப்புள்ள எங்கேர்ந்து வரும்? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவன் சொல்லுவான்?"

இப்படி நான் அவளிடம் பேசினதே இல்லை. சந்தையில் யாருமே பேசினதில்லை. கத்தி பறக்கும் என்றுதான் அர்ஹெமிரோ இரண்டு அடி பின்னால் போனான். பறக்கவில்லை. அவள் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் பெருசா வரைஞ்சு குடு" என்றாள் கடைசியில். "இந்தக் குழந்தையை. மூஞ்சி தெரியற மாதிரி."

"எதை வெச்சு அக்கா? அஞ்சு கோடு, ஒரு புள்ளி. மூக்கு எப்படி, வாய் எப்படி, எதுவும் தெரியாது. இல்லாததை நான் வரைய மாட்டேன்."

"கோட்டு இல்லாதவனுக்குக் கோட்டு போடறியே?"

"கோட்டு எல்லாருக்கும் ஒண்ணு. உன் பேரப்புள்ள மூஞ்சி எல்லாருக்கும் ஒண்ணா? யார் யார் புள்ளையோட மூஞ்சியையோ போட்டுக் குடுத்தா நீ கொஞ்சுவியா? போட்டோ வேணும். கேளு. குடுப்பான்."

"நான் கேக்கணுமா? நானா?"

எழுந்தாள். போனை இடுப்புப் பையில் திணித்துக்கொண்டு, மீன் வரிசைக்குப் போகாமல், படகுத்துறைப் பக்கமாக நடந்தாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அன்றைக்கு மேற்கொண்டு வரையவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கடைக்கும் வரவில்லை. முதல் கடை காலியாகக் கிடந்ததை நான் பார்த்ததே கிடையாது. மீன்காரிகள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். மோன்டெரியாவுக்குப் போய்விட்டாள், அந்த ஆளிடம் சிலுவையோடு படம் வாங்கப் போயிருக்கிறாள் என்று ஒருத்தி சத்தியமே பண்ணினாள். ஏன் அப்படிப் பேசினேன்? ரோஷக்காரியிடம் ரோஷமாகப் பேசினால் வீம்புதானே வரும்? அவள் நெருப்பு என்று தெரிந்தும் நான் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

"நீ பேசினது சரிதான்" என்றான் அர்ஹெமிரோ.

"சரியாப் பேசி என்ன பிரயோஜனம்?"

"அதுவும் சரிதான்."

இடது கண்ணை முடித்தேன். அதற்குள்ளும் அவர்களை வைத்தேன், இந்தத் தடவை தெரிந்தே. தெரிந்து வரைவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சின்னத் தலையை எங்கே பெரிதாக்கிவிடுவேனோ, எங்கே அழகுபடுத்திவிடுவேனோ என்று பயந்து பயந்து போட்டேன். கீழ் மூலையை அப்படியே விட்டேன்.

வெயில் தாழ்கிற நேரம். சந்தை திடீரென்று சலசலத்தது. பார்த்தால் எமெலினா அக்கா வந்துகொண்டிருந்தாள். ஈஸ்டர் பூசைக்குப் போடுகிற பூப்போட்ட உடை, காதில் தங்க வளையம், முடியைச் சுருட்டி விட்டிருந்தாள், முகத்தில் பவுடர். மீன்காரிகளில் ஒருத்தி விசிலடித்தாள். "எந்த மாப்பிள்ளை அக்கா?" என்று கேட்டாள். எமெலினா அக்கா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வேலை விஷயமா வந்தேன்" என்றாள். "நீ போட்டோ வேணும்னே. நீ கேட்டதாத்தான் கேக்கப்போறேன். எனக்கு அவன்கிட்ட பேச ஒண்ணும் இல்ல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அக்கா."

"இப்படிச் சொல்லப்போறேன், கேளு: மாலை வணக்கம், லோரிகாவிலேர்ந்து பேசறேன், படம் வரையற செனெலியாவுக்குக் குழந்தையோட போட்டோ ஒண்ணு தேவைப்படுது, வெளிச்சத்துல எடுத்து அனுப்பவும். அவ்வளவுதான். நல்லா இருக்கா?"

"பிரமாதம். நகராட்சியிலேர்ந்து பேசற மாதிரியே இருக்கு."

முறைத்தாள். போனை மேசைமேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். "ஒளிவு மறைவு என்ன? தொழில் விஷயம்" என்றாள். எண்ணை ஒரு தடவை தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினாள். நான் வேண்டுமென்றே தொப்பிக் கடையைப் பார்த்தேன்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அர்ஹெமிரோ காபி குடிக்க வந்த வண்டிக்காரன் ஒருத்தனிடம் பாக்கிச் சில்லறையைக் கொடுக்காமல் நின்றான், வண்டிக்காரனும் கேட்காமல் நின்றான். எடுக்காமலே மணி நின்றுபோனது.

"பாத்தியா?" என்றாள். பவுடருக்கு மேல் வியர்வை பூத்திருந்தது. "பாத்துக்கிட்டியா? நான் கேட்டேன். நீ சாட்சி. நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக் கூடாது." உடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். போனை எடுக்க மறந்து இரண்டு எட்டு நடந்தும்விட்டாள். கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் மேசைமேல் கிடந்த போன் அடித்தது.

அவள் திரும்பி ஓடி வந்ததை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக நகரும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். நாற்காலி கவிழ்ந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"அம்மா?" என்றது போன். பயந்த குரல். "அம்மா, என்னம்மா? யாருக்கு என்ன ஆச்சு? அம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். மாலை வணக்கமும் வரவில்லை, லோரிகாவும் வரவில்லை, என் பேரும் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி, பவுடரில் கோடு கோடாக இறங்கியது. அப்புறம் படகுத்துறை வரைக்கும் கேட்கிற அந்தப் பழைய குரல் வந்தது.

"ஒத்தக் கையில போனு, ஒத்தக் கையில பச்சப்புள்ளையாடா? அவளுக்குத்தான் தெரியல, உனக்கு அறிவு வேணாம்? தலையைப் புடிக்கச் சொல்லுடா அவளை! கழுத்து நிக்காத புள்ளடா!"

அந்தப் பக்கம் துறைமுகத்துச் சங்கு ஒன்று ஊதி ஓய்ந்தது.

"யாரும்மா சொன்னா உனக்கு?" குரல் உடைந்திருந்தது. "நாங்க யாருக்குமே சொல்லலையே."

"நீதானடா அனுப்பிச்சே."

"நானா? எப்போ?"

"அதெல்லாம் அப்புறம். ஆம்பளையா பொம்பளையா?"

"பொம்பளப் புள்ளம்மா." மூக்கை உறிஞ்சினான். "இப்ப கழுத்தெல்லாம் நின்னுருச்சும்மா. உக்காருது. உன்னை மாதிரியே கத்துது."

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் ஒரு வீறிடல் கேட்டது. என்ன குரல்! இத்தனை தேசம் தாண்டி வந்து சந்தை வளைவில் மோதியது. அர்ஹெமிரோ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். மீன்காரிகள் கையில் பிடித்த மீனோடு ஒவ்வொருத்தியாக வந்து என் மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். தூரத்தில் ஒரு பெண் குரல், மெல்லிசாக, என்னவோ கேட்டது. "எங்கம்மா" என்று அவன் அவளிடம் சொல்வது கேட்டது. அதற்கப்புறம் அவள் குரல் வரவில்லை. குழந்தைதான் கத்திக்கொண்டிருந்தது.

எமெலினா அக்கா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"பசிக்குதுடா அதுக்கு. என்கிட்ட பேசினது போதும், சூல்மாவைப் பால் குடுக்கச் சொல்லு, போ." மூச்சு விட்டாள். "போனை மட்டும் வெச்சிராத. அப்படியே பக்கத்துல வெய்யி."

வைத்தான் போலிருக்கிறது. அழுகை கிட்டே வந்து, தேம்பலாகி, நின்றது. எமெலினா அக்கா காதைப் போனுக்குக் கொண்டுபோய், உதட்டில் விரலை வைத்து, மீன் சந்தை மொத்தத்தையும் உஷ்ஷென்று அடக்கினாள்.